‘போதும்’ என்ற சொல்லைத் தேடிய மருந்துகள்

பொன்னை வாரிக் கொடுத்தாலும் பூமியை எழுதிக் கொடுத்தாலும் பெறுகிறவன் வாயிலிருந்து ‘போதும்’ என்ற சொல் வருவதில்லை. அன்னத்தை இடும்போது மட்டுமே, இடுகிறவன் கரண்டியோடு குனிந்து நிற்கையிலேயே, உண்கிறவன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிடுகிறான் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். தானங்களுக்குள் அன்னதானத்தின் உயர்வைக் காட்டுவதற்காக எழுந்த அந்த வார்த்தையில், சரீர சாஸ்திரத்தைச் சேர்ந்த ஒரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. இலைக்குக் குறுக்கே கையை நீட்டச் சொல்லுவது யார்? நிறைந்துபோன வயிறா, சலித்துப்போன நாவா, அல்லது இவ்விரண்டுக்கும் மேலே உட்கார்ந்து வரவு செலவு பார்க்கும் வேறொரு கணக்கப்பிள்ளையா? பருத்த தேகத்தை இளைக்கச் செய்வதற்காக 125 ஆண்டுகளுக்கு மேலாக மேல்நாட்டு வைத்தியம் கையாண்ட மருந்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தச் சரித்திரம் முழுவதும், இந்தக் கணக்கப்பிள்ளையின் வீட்டைத் தேடிக்கொண்டு போய் வேறு வீட்டுக் கதவுகளைத் தட்டிய கதையாகவே தோன்றுகிறது.

மாத்திரையும் ஊசியும் வருவதற்கு முன்னால், ஸ்தூல தேகத்துக்கு ஆகாரமே ஔஷதமாக இருந்தது. நிந்தைக்கு உள்ளாகும் எட்டுவித தேகங்களைச் சொல்லுகிற சரக சம்ஹிதை, அவற்றுள் மிகப் பருத்ததையும் மிக மெலிந்ததையும் தனியே எடுத்துக்கொண்டு விரித்துப் பேசுகிறது. பருத்தவனுக்கு ஜாடராக்கினி அதிகம், உண்டது விரைவில் செரித்துப்போய் அவன் மறுபடியும் உணவை நாடுகிறான் என்று கவனித்த அந்த நூல், அவனுக்கு ஏற்றது வயிற்றில் கனத்து நிற்பதும் தேகத்தை அதிகமாகப் போஷிக்காததுமான ஆகாரமே என்று விதித்து, யவம், கொள்ளு, பயறு, தேன், நெல்லிக்காய் முதலியவற்றைச் சொல்லுகிறது. இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்ற நம் பழமொழியும் இந்த வழியில் வந்ததே. திருக்குறளில் ‘மருந்து’ என்ற அதிகாரத்தை எடுத்துப் பார்க்கிறவர், அங்கே ஒரு மூலிகையின் பெயரையும் காணமாட்டார். அதன் பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியதாகவே இருக்கும்.

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் நிலைமை இதுவே. லண்டன் நகரத்தில் ஈமக்கிரியைகளுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யும் தொழிலில் பேர்பெற்றிருந்த வில்லியம் பான்டிங் என்பவர், 1862-ஆம் ஆண்டில் 202 ராத்தல் எடையோடு, தம் காலணிக் கயிற்றைத் தாமே கட்ட இயலாமல், மாடிப்படியில் பின்புறமாகவே இறங்கவேண்டிய துர்ப்பாக்கியத்தை அடைந்திருந்தார். காது மந்தத்துக்காக அவர் நாடிய ஹார்வி என்ற வைத்தியர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார். இறைச்சியையும் மீனையும் திருப்தியாக உண்டுகொண்டே ஓராண்டுக்குள் நாற்பது ராத்தலுக்கு மேல் இளைத்துவிட்ட பான்டிங், 1863-இல் அந்த அனுபவத்தைச் சிறு பிரசுரமாக வெளியிட்டபோது, அவருடைய குடும்பப்பெயரே ஆங்கிலத்தில் ‘பத்தியமிருத்தல்’ என்னும் பொருளுள்ள வினைச்சொல்லாகிவிட்டது. அவர் பசியோடு கிடந்தவரல்லர். உணவை மாற்றினார், உணவே ‘போதும்’ என்று சொல்லிற்று.

மருந்தின் யுகம் 1891-இல் தொடங்கியது என்று சொல்லலாம். அந்த ஆண்டில் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஜார்ஜ் மரே, தைராய்டு சுரப்பி வாடிப்போன ஒரு நோயாளிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்திக் குணப்படுத்தினார். அச்சாற்றை உட்கொண்டவர்களின் வீக்கமும் எடையும் குறைவதைக் கண்டவர்கள், சுரப்பியில் குறையொன்றும் இல்லாத பருமனானவர்களுக்கும் அதைக் கொடுக்கத் தலைப்பட்டார்கள். எடை குறைந்தது உண்மைதான். ஆனால் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, கரைந்துபோனதில் கொழுப்போடு தசையும் சேர்ந்திருந்தது. உண்பதில் எந்த மாறுதலுமில்லாமல், உண்டதை வேகமாக எரித்துவிடலாம் என்ற யோசனை இவ்வாறு முதன்முதலாக வைத்தியத்துக்குள் புகுந்தது.

அந்த யோசனையின் உச்சம் டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் நிறப் பொடி. முதல் உலக மகாயுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்து வெடிமருந்துச் சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் கண்டு, இளைத்துப்போனார்கள். சிலர் மாண்டும் போனார்கள். யுத்தம் ஓய்ந்த பின், 1933-இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டெய்ன்டர், கட்டிங் என்ற ஆராய்ச்சியாளர்கள், தொழிற்சாலையில் விஷமாக இருந்ததை அளவாகக் கொடுத்தால் பருமனுக்கு மருந்தாகும் என்று வெளியிட்டதும், சுமார் ஓராண்டுக்குள் அமெரிக்காவில் ஒரு லட்சம் பேர் வரையில் அதை உட்கொண்டிருப்பார்கள் என்று டெய்ன்டரே மதிப்பிடும் அளவுக்கு அது பரவிவிட்டது. அடுப்பில் விறகு எரிந்துகொண்டேயிருக்க, சூடு முழுவதும் சுவர் வழியே வெளியேறி உலை மட்டும் கொதிக்காமல் நிற்குமானால் எப்படியோ, அப்படியே இம்மருந்து உணவின் சக்தியைத் தேகத்துக்கு உதவவிடாமல் வெறும் உஷ்ணமாக்கிவிடும். அளவு சற்று மிஞ்சினாலும் அந்த உஷ்ணத்தைத் தணிக்க மாற்று மருந்து கிடையாது. 1935-இல், இளம் பெண்களின் கண்களிலே கிழவர்களுக்கு வரும் புரை படரத் தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. 1938-இல் அமெரிக்க அரசாங்கம் உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்தும் புதிய சட்டத்தை இயற்றியதன் பின், மனிதர் உட்கொள்ளத் தகாத பொருளாக இது ஒதுக்கப்பட்டது. கணக்கப்பிள்ளையை அணுகாமலே களஞ்சியத்துக்குத் தீ வைத்த கதை இது.

அதே 1930-களில் வேறொரு கதவு திறந்தது. ருமேனிய ரசாயனியான எடிலேயானு 1887-இல் பெர்லினில் தயாரித்து, பிரயோஜனம் தெரியாமல் கிடந்த ஆம்ஃபெட்டமின் என்ற பொருள், மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அதை உபயோகித்தவர்களுக்கு உறக்கத்தோடு பசியும் ஓடிப்போவது தெரியவந்தது. 1938-இல் பாஸ்டன் வைத்தியர்கள் இருவர் அதைப் பருமனுக்குச் சிகிச்சையாக எழுதினார்கள். இரண்டாம் மகாயுத்தத்தில் சிப்பாய்கள் விழித்திருப்பதற்காக விழுங்கிய அந்த மாத்திரை, யுத்தத்துக்குப் பின் குடும்ப ஸ்திரீகளின் கைப்பைக்குள் இளைப்பு மருந்தாக இடம்பெற்றது. தேர்த் திருவிழாவில் ஓடியாடித் திரியும் சிறுவனுக்குச் சாப்பாட்டு நினைவே வராததுபோல, இம்மருந்து தின்றவருக்கும் பசி மறந்துபோயிற்று. ஆனால் மறதி வேறு, நிறைவு வேறு. பகலெல்லாம் காப்பியோடு கழித்தவர், மருந்தின் வேகம் தணிந்த இரவில் விட்ட பசியை வட்டியோடு செலுத்தவேண்டியிருந்தது. சில வாரங்களில் தேகம் பழகிப்போய் அளவை ஏற்றக் கேட்டது. ஏற்றியவர் அதை விடமுடியாத அடிமையானார்.

இதைவிடக் கேடானது ‘வானவில் மாத்திரை’ என்று பேரெடுத்த கூட்டு மருந்து. பல வர்ணங்களில் வந்த அம்மாத்திரைகளில், பசியைப் போக்க ஆம்ஃபெட்டமின், எரிக்கத் தைராய்டு, நீரை வெளியேற்ற ஒன்று, பேதிக்கு ஒன்று, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், இவ்வளவும் சேர்ந்து விளைத்த படபடப்பை அடக்க உறக்க மருந்து என்று ஒரு பட்டாளமே அடங்கியிருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ற நிறங்களைப் பொருத்தித் தருவதுபோல் பாவனை செய்த சில வைத்தியசாலைகள் இவற்றைப் பை பையாகக் கொடுத்தன. இங்கேதான் போஷணையின் பிரச்சினை முதன்முதலாக மரணத்தின் ரூபத்தில் தலைகாட்டியது: நீரோடு பொட்டாசியம் என்ற உப்பும் தேகத்தைவிட்டு வெளியேறிவிட, போதிய உணவு உண்ணாமையால் அதை ஈடுசெய்ய வழியில்லாமல், தாளம் தப்பிய இதயம் சிலருக்கு நின்றேபோயிற்று. 1968-இல் ‘லைஃப்’ பத்திரிகை இக்கொடுமையை வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் அமெரிக்க செனெட் சபையும் விசாரணை நடத்தியது.

பசியோடு குறைவாக உண்பவனுடைய மனம் எப்படியிருக்கும் என்பதை, மருந்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சோதனை நமக்குக் காட்டியிருக்கிறது. 1944-இன் இறுதியில், யுத்தத்தால் பட்டினியுற்ற ஐரோப்பிய ஜனங்களை மீட்பது எப்படி என்று அறிவதற்காக, மின்னசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன்ஸல் கீஸ், மனச்சாட்சியின் பேரில் ஆயுதமெடுக்க மறுத்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாத காலம் அரைவயிற்று உணவில் வைத்தார். அவர்களுடைய எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு மேலாக, அவர்களுடைய சிந்தனை முழுவதையும் உணவே ஆக்கிரமித்துக்கொண்டது. சமையல் புத்தகங்களை நாவலைப்போல் வாசித்தார்கள்; தட்டை நக்கினார்கள்; ஒரு கவளத்தை நெடுநேரம் வைத்துத் தின்றார்கள். சோதனை முடிந்து வேண்டுமட்டும் உண்ணும் அனுமதி கிடைத்ததும், எவ்வளவு உண்டும் திருப்தி காணாமல் சிலர் மாதக்கணக்காக உண்டார்கள். மீண்டு வந்த எடையில் தசையைவிடக் கொழுப்பே முந்திக்கொண்டது. கணக்கப்பிள்ளையை ஏமாற்றிக் களஞ்சியத்தைக் குறைத்தால், அவன் ஒவ்வொரு படியையும் நினைவில் வைத்திருந்து வசூலித்துவிடுவான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

1970-களிலும் அதற்குப் பின்னும் வந்த மருந்துகள் அவனுடைய தெருவுக்குள்ளாவது நுழைந்தன. ஃபென்ஃப்ளூரமின் என்பது மூளையில் செரடோனின் என்ற பொருளைப் பெருக்கி, விரைவில் நிறைவு தோன்றச் செய்தது. 1992-இல் மைக்கேல் வைன்ட்ராப் என்ற ஆராய்ச்சியாளர் அதையும் ஃபென்டர்மின் என்ற மற்றொன்றையும் சேர்த்து 121 பேருக்குக் கொடுத்து நற்பலன் கண்டதாக வெளியிட்டார். 1996-ஆம் ஆண்டில் மட்டும் இவ்விரண்டுக்கும் அமெரிக்காவில் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் எழுதப்பட்டன. 1997 ஆகஸ்டில், மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்தவர்கள், இவ்விரண்டையும் சேர்த்து உட்கொண்ட 24 பெண்களின் இதய வால்வுகள் தடித்துக் கெட்டிருப்பதை அறிவித்தார்கள்; செப்டம்பரிலேயே ஃபென்ஃப்ளூரமின் சந்தையைவிட்டு எடுக்கப்பட்டது. 2006-இல் ஐரோப்பாவில் வந்த ரிமோனபன்ட், கஞ்சா உண்பவனுக்கு அகோரப் பசியைத் தரும் அதே வாயிலை அடைத்துப் பசியைத் தணித்தது. ஆனால் உணவின் மேலுள்ள ஆசையை அணைத்தபோது வாழ்வின் மேலுள்ள ஆசையையும் சிலரிடத்தில் அணைத்துவிட்டபடியால், 2008-இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

இம்மருந்துகளுக்கு நடுவே, 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்லிஸ்டாட் ஒரு வினோதமான உபாத்தியாயர். அது பசியை ஒன்றும் செய்யாது. உண்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதம் குடலில் செரிக்காதபடி தடுத்து, அதை அப்படியே வெளியேற்றிவிடும். கொழுப்பை மிதமாக உண்டவருக்குக் கேடில்லை. விருந்தில் நெய்யில் மிதந்தவையெல்லாம் உண்டவருக்கோ, மறுநாள் எண்ணெய்ப் பேதியினால் நாலு பேர் நடுவே தலைகுனிய நேரும். இவ்வாறு வெட்கத்தின் மூலம் உணவுப்பழக்கத்தைத் திருத்திய ஒரே மருந்து இதுவாகத்தான் இருக்கவேண்டும். கொழுப்போடு சேர்ந்தே தேகத்தில் ஏறுகிற ஏ, டி, இ, கே என்ற வைட்டமின்களும் குறையக்கூடுமாதலால், அவற்றைத் தனி மாத்திரையாக, மருந்து வேளைக்கு விலகிய நேரத்தில் உட்கொள்ளுமாறு வைத்தியர்கள் சொல்லவேண்டியதாயிற்று.

கணக்கப்பிள்ளையின் வீடு கடைசியில் அகப்பட்டது, பருமனைத் தேடிப் போனவர்களுக்கு அல்ல, நீரிழிவை ஆராய்ந்தவர்களுக்கு. உணவு குடலை அடைந்ததும் அங்கே சுரந்து, இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்கு நிறைவின் செய்தியை அனுப்பும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனை 1980-களில் ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மொய்சோவ், யென்ஸ் ஹோல்ஸ்ட் முதலியவர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது ரத்தத்தில் இரண்டு நிமிஷம்கூட நிலைக்காமல் சிதைந்துவிடும். 1992-இல் நியூயார்க்கில் ஜான் எங் என்ற வைத்தியர், வருஷத்தில் சில வேளைகளே உண்டு ஜீவிக்கும் அரிசோனா பாலைவனத்து ‘கிலா’ என்ற விஷப்பல்லியின் விஷத்தில், இந்த ஹார்மோனைப் பாதிக்கு மேல் ஒத்ததும் எளிதில் சிதையாததுமான ஒரு பொருளைக் கண்டார். அதிலிருந்து பிறந்த ஊசிமருந்து 2005-இல் நீரிழிவுக்கு வந்தது. டென்மார்க்கில் லோட்டே பியர்ரே நுட்சென் தலைமையிலே வேறொரு வழியில் உழைத்தவர்கள், ஹார்மோனுக்கு ஒரு கொழுப்பமில வாலை ஒட்டவைத்து ஆயுளை நீட்டினார்கள். வாரம் ஒருமுறை போட்டால் போதுமான செமாக்ளுடைடு 2017-இல் ஓசெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்கும், 2021-இல் வெகோவி என்ற பெயரில் பருமனுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இம்மருந்து உண்பவரிடம் செய்யும் மாறுதல் முன்னவற்றினின்றும் ஜாதியிலேயே வேறுபட்டது. முப்பது பேரை வைத்துப் பன்னிரண்டு வாரங்கள் நடந்த ஒரு பரிசோதனையில், தடையின்றி உணவை முன்னே வைத்தபோதும் அவர்கள் உண்ட உணவின் சக்தி 24 சதவீதம் குறைந்தது; கொழுப்பு மிகுந்த பண்டங்களின் மேலிருந்த நாட்டமும் குறைந்தது. மின்னசோட்டாவின் இளைஞர்களைப் பைத்தியமாக அடித்த அந்த இடைவிடாத உணவு நினைவு, இவர்களிடத்தில் வானொலியை அணைத்தாற்போல் அடங்கிவிடுவதாகப் பலர் சொல்லுகிறார்கள். குமட்டல், மலச்சிக்கல் முதலிய உபாதைகள் உண்டு. 1961 பேர் பங்குகொண்ட பெரிய பரிசோதனையில், 68 வாரங்களில் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4 சதவீதமே. மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

ஆனால் இதே பரிசோதனையில் ஒரு சிறு பகுதியினரின் தேகத்தை அளந்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத சரீரபாகத்தைச் சேர்ந்தது என்றும் தெரிந்தது. அதில் நீரும் உண்டு, தசையும் உண்டு. பட்டினியினால் இளைத்தாலும் பத்தியத்தினால் இளைத்தாலும் தசை குறைவது இயல்பே. எனினும் முன்பெல்லாம் பசி என்ற ஒன்று இருந்து, எதையாவது தின்னும்படி மனிதனை நச்சரித்துக்கொண்டிருந்தது. இப்போது நச்சரிப்பவன் மௌனமாகிவிட்டபடியால், ஒருவர் காலையில் ஒரு தம்ளர் காப்பி, மத்தியானம் இரண்டு கவளம், இரவில் ஒன்றுமில்லை என்று நாட்களைக் கழித்துவிடலாம். தமக்கு ஏதோ குறைகிறது என்ற உணர்ச்சியே அவருக்கு எழாது. சக்தியின் தேவையைச் சேமித்த கொழுப்பிலிருந்து தேகம் எடுத்துக்கொள்ளும். புரதத்தையும் இரும்பையும் கால்சியத்தையும் வைட்டமின்களையும் எடுத்துக்கொள்ள அப்படிப்பட்ட களஞ்சியம் பெரிதாக இல்லை. வாந்தி நீடித்த சிலருக்குத் தயாமின் என்ற வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கப்பட்டதையும் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை அளவைச் சொல்லுவான்; சாமானைத் தேர்ந்தெடுப்பது அவன் உத்தியோகமல்ல.

இந்த மருந்துகள் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. டிர்செபடைடு என்ற அடுத்த தலைமுறை மருந்து மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. செமாக்ளுடைடின் காப்புரிமைக்கு இங்கே 2026 மார்ச் மாதமே எல்லை. இவை வந்து சேர்ந்திருக்கும் நம் நாட்டிலோ, சோற்றை நடுவில் குவித்து, மற்றவற்றை அதற்குத் துணையாக ஓரத்தில் வைப்பது நம் இலையின் சம்பிரதாயம். பசியுள்ளவனுக்கு அந்த முறையில் குறையொன்றுமில்லை. சாம்பார் சோறு, ரசச் சோறு, தயிர்ச் சோறு என்று மூன்று சுற்று வரும்போது, கூட்டும் பொரியலும் தயிரும் எப்படியும் உள்ளே போய்விடும். ஊசி போட்டுக்கொண்டவருக்கோ முதற் சுற்றின் பாதியிலேயே கை இலைக்குக் குறுக்கே நீண்டுவிடுகிறது. அந்தப் பாதியில் உள்ளே போனது பெரும்பாலும் அரிசி. பருப்புக் கூட்டும் கீரையும் வைத்தது வைத்தபடி கிடக்கின்றன, தயிர் வந்து சேரவேயில்லை.

ஆகையால், சந்தை சீக்கிரமே கலைந்துவிடும் என்று தெரிந்த நாளில் குடும்ப ஸ்திரீ என்ன செய்வாளோ, அதையே ஊசி போட்டுக்கொள்ளுகிறவர்களும் செய்யவேண்டியிருக்கிறது. அவள் பூவையும் வளையலையும் பார்த்துக்கொண்டு நில்லாமல், உப்பையும் பருப்பையும் முதலில் வாங்கி மடியில் முடிந்துகொள்ளுவாள். முட்டையோ மீனோ, அவை ஆகாதவர்களுக்குச் சுண்டலோ பருப்புக் கூட்டோ தயிரோ, இவற்றை முதலில் உண்டு, கீரையையும் காயையும் அடுத்து உண்டு, மீதியிருக்கும் இடத்தில் சோற்றை இட்டுக்கொள்ளுவதென்று பரிமாறும் வரிசையையே தலைகீழாக்கினால், ‘போதும்’ என்ற சொல் எவ்வளவு முந்தி வந்தாலும், வரவேண்டியவை அதற்கு முன்பே உள்ளே வந்து சேர்ந்திருக்கும்.